போப்னு பேர் வச்ச எல்லாரும் ஒரே குடும்பம் இல்ல: இங்கிலீஷ் சர்நேமைத் தேடிப் படிக்கறது எப்படி

போன லீவுக்கு அக்கா பையனை மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போனப்ப, 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்காக வச்ச சிலைங்களை ஒண்ணொண்ணா காட்டிக்கிட்டே வந்தேன், ஜி.யு.போப் சிலைகிட்ட வந்ததும் அவன் "மாமா, இவரு ரோம்ல இருந்த போப்பாண்டவரா?"ன்னு கேட்டான். இல்லடா, அது அவரோட குடும்பப்பேருன்னு சொன்னேன். உடனே அடுத்த கேள்வி, "அப்ப இப்ப கிரிக்கெட் ஆடற ஓலி போப் இவரு பேரனோட பேரனா?" நல்ல கேள்வி. அவனுக்குப் பதில் சொல்றதுக்காக நான் எந்த வரிசையில தேடினேனோ அதே வரிசையில இங்க எழுதறேன், புதுசா இந்த மாதிரி தேட ஆரம்பிக்கறவங்களுக்கு உதவும். போப்ங்கற பேரை உதாரணமா எடுத்துக்கறேன், நீங்க காட்டன், எல்லிஸ், கால்டுவெல்னு எதை வேணா எடுத்துக்கலாம், முறை ஒண்ணுதான்.

முதல் ஸ்டெப், நம்ம பழக்கத்தைக் கழட்டி வைக்கணும். நமக்கு இனிஷியல்தான், அது அப்பா பேரு, தலைமுறைக்குத் தலைமுறை மாறிடும், அதனால ரெண்டு பேருக்கு ஒரே "கே" இருந்தா சொந்தம்னு யாரும் நினைக்க மாட்டோம். ஆனா ஒரு இங்கிலீஷ் சர்நேம் ரெண்டு பேருக்கு இருந்தா உடனே சொந்தம்னு முடிவு கட்டிடறோம். அங்கயும் அப்படி இல்ல. இங்கிலாந்துல நார்மன்காரங்க 1066ல வந்ததுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் இந்தப் பேருங்க பரம்பரைப் பேரா நிலைச்சது, அதுக்கு முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரே பேரு வேற வேற ஊர்ல வேற வேற ஆளுங்களுக்குத் தனித்தனியா ஒட்டிக்கிச்சு. இதை மனசுல நல்லா ஏத்திக்கிட்டா பாதி தப்பு குறைஞ்சிடும்.

அடுத்து அந்தப் பேரு எந்த வகைன்னு பாருங்க. பெரும்பாலும் நாலு வகைக்குள்ள அடங்கிடும். தொழில் பேரு: ஸ்மித்னா கொல்லர், கூப்பர்னா பீப்பாய் செய்யறவர், ஃப்ளெட்சர்னா அம்பு செய்யறவர். அப்பா பேரு: ஜான்சன்னா ஜானோட மகன். இடத்துப் பேரு: ஹில், வுட், ப்ரெஸ்டன். நாலாவது பட்டப்பேரு, போப் இதுலதான் வருது. பேரைப் பாத்ததும் ஏதோ போப்பாண்டவர் வம்சம்னு தோணும், அது இல்ல. அந்தக் காலத்துல ஊர்த் திருவிழா நாடகத்துல போப் வேஷம் கட்டினவரையோ, போப் மாதிரி ரொம்ப விறைப்பா, பெரிய மனுஷத் தோரணையோட இருந்தவரையோ ஊர்க்காரங்க அப்படிக் கூப்பிட்டிருக்காங்க. நம்ம ஊர்ல கூத்துல ராஜபார்ட் கட்டினவரைக் கடைசி வரைக்கும் "ராஜபார்ட்"னே கூப்பிடுவோம் இல்லையா, அதே கதைதான். கிங், பிஷப், அபட், மங்க்னு வர்ற சர்நேமுங்களும் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். எந்த ஊர்ல வேணா ஒருத்தர் வேஷம் கட்டியிருக்கலாம், அதனால போப் குடும்பங்க ஆரம்பத்துலயே பல வேரு.

மூணாவது, தேடறது. கூகுள்ல சும்மா போப்னு போட்டா வாடிகன் நியூஸ்தான் கொட்டும். விக்கிபீடியாவுல நிறைய சர்நேமுக்குத் தனிப் பட்டியல் பக்கம் இருக்கும், பேருக்குப் பின்னாடி சர்நேம்ங்கற சொல்லைச் சேர்த்துத் தேடினா வந்துடும், அங்கேருந்து ஆரம்பிங்க. அப்புறம் ஒரு எக்செல் ஷீட் ஓப்பன் பண்ணி கட்டம் போடுங்க, முழுப்பேரு, பிறந்த வருஷம், பிறந்த ஊரு, அப்பா பேரு, அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின பேரு, மதப்பிரிவு, வேலை, இதை எங்க படிச்சேன். கடைசிக் கட்டத்தை யாரும் நிரப்பறதில்ல, அதுதான் ரொம்ப முக்கியம், ரெண்டு மாசம் கழிச்சு திரும்பிப் பாக்கறப்ப அந்தக் கட்டம் காலியா இருந்தா மொத்தத்தையும் மறுபடி தேடணும்.

ஷீட்டுல ஆளுங்களைப் போட ஆரம்பிச்சா எப்படி இருக்கும்னு காட்டறேன். மொத ஆளு சர் தாமஸ் போப். எட்டாம் ஹென்றி ராஜா ரோமாபுரி போப்போட உறவை வெட்டிட்டு மடங்களோட சொத்தையெல்லாம் எடுத்துக்கிட்டார் இல்லையா, அந்தச் சொத்தைக் கணக்குப் பாத்த அலுவலகத்துல பொருளாளரா இருந்து பெரிய பணக்காரர் ஆனவர் இவர், 1555ல ஆக்ஸ்ஃபோர்டுல டிரினிட்டி கல்லூரியை ஆரம்பிச்சார், 1559ல இறந்துட்டார், வாரிசுன்னு பிள்ளைங்க கிடையாது. ரெண்டாவது கவிஞர் அலெக்ஸாண்டர் போப், 1688ல லண்டன்ல பிறந்தவர், அப்பா லினன் துணி வியாபாரி. கத்தோலிக்கர்ங்கறதால யுனிவர்சிட்டியில சேர முடியாது, லண்டனுக்குப் பத்து மைல் சுத்தளவுக்குள்ள கத்தோலிக்கர் குடியிருக்கவே சட்டம் தடுத்துச்சு. சின்ன வயசுல முதுகெலும்புல காசநோய் வந்து வளர்த்தி நாலரை அடியோட நின்னுடுச்சு. அந்த உடம்போட உக்காந்து ஹோமரோட இலியட்டை 1715ல இருந்து 1720 வரைக்கும் இங்கிலீஷ்ல கவிதையா மொழிபெயர்த்து சந்தா முறையில வித்து, அந்தப் பணத்துலயே யார் தயவும் இல்லாம வாழ்ந்தார். தவறுவது மனித இயல்பு, மன்னிப்பது தெய்வ இயல்புன்னு நம்மாளுங்க மேடையில சொல்றது அவரோட வரிதான், 1711ல வந்தது.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. இந்தக் கவிஞர் கல்யாணமே பண்ணிக்கல, 1744ல இறக்கறப்ப பிள்ளைகுட்டி கிடையாது. அப்ப இணையத்துல யாராவது "கவிஞர் போப்போட நேரடி வாரிசு"ன்னு எழுதியிருந்தா அங்கயே அடிச்சுடலாம். அதனால ஷீட்டுல "வாரிசு உண்டா இல்லையா"ன்னு இன்னொரு கட்டமும் சேருங்க, தாமஸ் போப்புக்கும் அதே பதில்தான் வரும். இன்னொண்ணு, தாமஸ் போப்போட அண்ணன் தம்பி வழியில வந்தவங்க பின்னாடி டௌன்ங்கற பட்டத்தோட பிரபுக்கள் ஆனாங்க, கவிஞர் போப் தன் அப்பா அந்தக் குடும்பத்து வழின்னு அடிக்குறிப்புல எழுதி வச்சார். அவ்வளவு பெரிய கவிஞர் எழுதினாரேன்னு அப்படியே எடுத்துக்காதீங்க, ஒருத்தர் தன் குடும்பத்தைப் பத்தித் தானே சொல்றது ஒரு தகவல், அது ஆதாரம் ஆகணும்னா சர்ச் ரெஜிஸ்டரோ உயிலோ வேற ஏதாவது சேரணும்.

நாலாவது, ஒரே முழுப்பேரு உள்ளவங்களைப் பிரிக்கறது. இதுலதான் புதுசா வர்றவங்க ரொம்ப மாட்டிக்கறாங்க. அமெரிக்காவுல ஜான் போப்னு தேடுங்க. ஒருத்தர் கென்டக்கி செனட்டர், அப்புறம் ஆர்கன்சா பிரதேசத்துக்கு கவர்னர். அவர் தம்பி நத்தானியேல் போப், இவர்தான் 1818ல இல்லினாய் மாநிலம் ஆகறப்ப வடக்கு எல்லையை மேல தள்ளி வைக்க வச்சவர், அவர் மட்டும் அதைச் செய்யலன்னா இன்னைக்கு சிகாகோ இருக்கற இடம் விஸ்கான்சினுக்குப் போயிருக்கும். இந்த நத்தானியேலோட மகன் இன்னொரு ஜான் போப், 1822ல பிறந்தவர், உள்நாட்டுப் போர்ல வடக்குப் படை ஜெனரல், 1862 ஆகஸ்ட்ல புல் ரன் ரெண்டாவது சண்டையில தெற்குப் படைத் தளபதி லீகிட்ட தோத்து பதவி போய் மின்னசோட்டா பக்கம் அனுப்பப்பட்டவர். அமெரிக்காவுல மூணு மாநிலத்துல போப் கவுண்டின்னு இருக்கு, ஆர்கன்சாவுல இருக்கறது பெரியப்பா பேர்ல, இல்லினாய்ல இருக்கறது அப்பா பேர்ல, மின்னசோட்டாவுல இருக்கறது மகன் பேர்ல! இங்க சொந்தம் நிஜம், காரணம் சர்நேம் இல்ல, அப்பா மகன் அண்ணன் தம்பின்னு ஒவ்வொரு கண்ணிக்கும் பதிவு இருக்கு.

இதே அமெரிக்காவுல ஜான் ரஸ்ஸல் போப்னு ஒரு ஆர்க்கிடெக்ட், 1874ல இருந்து 1937 வரை, வாஷிங்டன்ல ஜெஃபர்சன் நினைவு மண்டபத்துக்கும் நேஷனல் கேலரிக்கும் பிளான் போட்டவர், ரெண்டும் கட்டி முடிஞ்சதை அவர் பாக்கவே இல்ல. கர்னல் ஆல்பர்ட் போப்னு ஒருத்தர், உள்நாட்டுப் போர்லயும் இருந்தவர், 1878ல கொலம்பியா சைக்கிளைத் தயாரிக்க ஆரம்பிச்சு, சைக்கிள் ஓட்ட நல்ல ரோடு வேணும்னு நாடு முழுக்க இயக்கமே நடத்தினவர். ஃபிராங்க்ளின் போப் எடிசனோட முதல் பார்ட்னர்கள்ல ஒருத்தர், மின்சாரத்தோடவே வாழ்ந்தவர், 1895ல தன் வீட்டுலயே ஷாக் அடிச்சு இறந்தார். போர்க் குறிப்புல "போப்"னு மட்டும் போட்டிருந்தா அது ஜெனரலா கர்னலான்னு பதவியையும் படைப்பிரிவையும் பாத்துத்தான் எழுதணும்.

பொம்பளைங்களைத் தேடறது தனி வேலை, கல்யாணம் ஆனா பேரு மாறிடும், அதனால பல பேர் பட்டியல்லயே வராம போயிடறாங்க. தியோடேட் போப் ரிடில்னு ஒருத்தங்க, 1867ல பிறந்தவங்க, வீட்டுல வச்ச பேரு எஃபி, அது பிடிக்காம பாட்டி பேரான தியோடேட்டைத் தானே எடுத்துக்கிட்டாங்க, அமெரிக்காவுல ஆர்க்கிடெக்ட் ஆன முதல் சில பெண்கள்ல ஒருத்தங்க. 1915 மே 7 அன்னைக்கு லூசிட்டேனியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி அடிச்சப்ப அதுல இருந்தாங்க, கடல்ல இருந்து தூக்கினவங்க உயிர் இல்லன்னு நினைச்சு பிணங்களோட படுக்க வச்சுட்டாங்க, கூடத் தப்பிச்ச இன்னொரு பொண்ணுதான் கவனிச்சு, உயிர் இருக்குன்னு சொல்லிப் பிழைக்க வச்சாங்க. அடுத்த வருஷம் கல்யாணம், பேருல ரிடில் சேர்ந்துடுச்சு. இவங்களுக்கு எஃபி போப், தியோடேட் போப், தியோடேட் ரிடில்னு மூணு பேர்லயும் தேடணும். இன்னொண்ணும் மறக்கக்கூடாது, அமெரிக்காவுல இருக்கற கறுப்பின மக்கள்ல சில குடும்பங்களுக்கு அடிமையா வச்சிருந்தவனோட சர்நேம் வந்திருக்கு, சிலர் விடுதலை ஆனப்ப தாங்களே ஒரு பேரைத் தேர்ந்தெடுத்தாங்க. விடுதலை ஆனவங்க எல்லாரையும் பேரோட எழுதின முதல் சென்சஸ் 1870ல எடுத்தது, அங்கேருந்துதான் பலருக்குத் தேடலே ஆரம்பிக்கும்.

ஐந்தாவது, எந்த ரெக்கார்டு எங்க கிடைக்கும். இங்கிலாந்துல சர்ச் ரெஜிஸ்டர் 1538ல ஆரம்பிக்குது, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணும் அதுல இருக்கும். அரசாங்கப் பதிவு 1837 ஜூலை 1ல இருந்து, ஸ்காட்லாந்துக்கு 1855. சென்சஸ் பேரோட கிடைக்கறது 1841ல இருந்து பத்து வருஷத்துக்கு ஒண்ணு, கடைசியா 1921 வரைக்கும் திறந்துட்டாங்க, இங்கிலாந்தோட 1931 சென்சஸ் தீயில எரிஞ்சு போச்சு, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. காசு கட்டற சைட்டுக்கு உடனே ஓடாதீங்க, ஃபேமிலிசர்ச், ஃப்ரீபிஎம்டி ரெண்டும் இலவசம். இந்தியாவுல வேலை பாத்த வெள்ளைக்காரங்கன்னா ஃபிபிஸ்னு ஒரு சைட் இருக்கு, அதுலயும் இலவசமா தேடலாம், மெட்ராஸ் பிரசிடென்சி சர்ச் பதிவோட நகலெல்லாம் அப்பவே லண்டனுக்கு அனுப்பிட்டாங்க, இப்ப பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. வாழ்க்கை வரலாறு வேணும்னா இங்கிலாந்தோட தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியோட பழைய பதிப்பு விக்கிமூலத்துல ஓசியா படிக்கலாம், கனடா ஆளுங்களுக்கு கனடா வாழ்க்கை வரலாற்று அகராதி இருக்கு, அதுவும் ஓசிதான். நான் தினம் திறக்கறது இந்த ரெண்டையும்தான்.

இப்ப நம்ம ஜி.யு.போப்புக்கு வருவோம், அவருக்காகத்தானே இவ்வளவும். ஷீட்டுல அவரோட வரி இப்படி வரும்: ஜார்ஜ் உக்ளோ போப், 1820 ஏப்ரல் 24, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, அப்பா ஜான் போப், அம்மா கேதரின் உக்ளோ. நடுவுல இருக்கற "யு" என்னன்னு பல பேருக்குத் தெரியாது, அது அம்மா வீட்டு சர்நேம். இங்கிலீஷ் பேர்ல நடுப்பேரு விநோதமா இருந்தா அம்மா வழியைப் பாருங்க, நல்ல துப்பு அது. தமிழ்ல எல்லாரும் அவர் கனடாவுல பிறந்தார்னு எழுதறோம், 1820ல அந்தத் தீவு தனி பிரிட்டிஷ் காலனி, கனடாவோட சேர்ந்தது 1873ல. பழைய ரெக்கார்டுல கனடான்னு தேடினா சிக்காது, தீவு பேர்ல தேடணும். அப்பா கார்ன்வால்ல பிறந்தவர், 1818ல தீவுக்குப் போய், அங்கேருந்து நோவா ஸ்கோஷியா போய், 1826ல ப்ளிமத்துக்கே திரும்பி வந்து கப்பல் வியாபாரம் பாத்தார். அதனால தம்பி வில்லியம் பர்ட் போப், பின்னாடி மெத்தடிஸ்ட் இறையியல்ல பெரிய ஆளு, பிறந்த ஊரு வேற, நோவா ஸ்கோஷியா. பிறந்த ஊரு வேறங்கறதுனால அண்ணன் தம்பி இல்லன்னு முடிவு பண்ணிடக்கூடாது.

1839ல ஜி.யு.போப் மெட்ராஸ் வந்தார், வயசு பத்தொன்பது. சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளின்னு நாப்பது வருஷம். (அந்த பிஷப் காட்டன் வேற, நம்ம கொள்ளிடத்துல மேலணை கட்டின ஆர்தர் காட்டன் வேற, இதையும் நிறைய பேர் ஒண்ணாக்கிடறாங்க.) 1884ல ஆக்ஸ்ஃபோர்டுல தமிழ், தெலுங்கு ஆசிரியர். குறள் மொழிபெயர்ப்பு 1886, நாலடியார் 1893, திருவாசகம் 1900, அப்ப அவருக்கு எண்பது வயசு. 1908ல இறந்தார்.

ஆறாவது, ஊரே சொல்ற கதையை மூலத்தோட ஒப்பிட்டுப் பாக்கறது. நான் ஸ்கூல் பேச்சுப்போட்டியில "என் கல்லறையில் இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான் என்று எழுதுங்கள் என்றார் போப்"னு தொண்டை நரம்பு புடைக்க பேசி கைத்தட்டல் வாங்கினவன். வாத்தியார் எழுதிக் கொடுத்தது, அவருக்கும் யாரோ சொன்னது. பெரியவனானப்புறம்தான் ஆக்ஸ்ஃபோர்டு செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துல இருக்கற அந்தக் கல்லோட போட்டோவைத் தேடிப் பாத்தேன், வரிவரியா பெருசாக்கிப் படிச்சேன். தமிழ் மாணவன்ங்கற வார்த்தையே இல்ல. தென்னிந்தியாவைச் சேர்ந்த ஜார்ஜ் உக்ளோ போப்னு ஆரம்பிக்குது, ஆக்ஸ்ஃபோர்டுல தமிழ் தெலுங்கு சொல்லிக்கொடுத்தவர், பேலியல் கல்லூரியோட சாப்ளின், அதாவது கல்லூரி குருவானவர்னு போகுது, கடைசியில இந்தக் கல்லை அவரோட குடும்பத்தாரும் தென்னிந்தியாவுல இருக்கற அவரோட தமிழ் நண்பர்களும் சேர்ந்து வச்சாங்கன்னு இருக்கு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தீவுல பிறந்து ஆக்ஸ்ஃபோர்டுல அடங்கின மனுஷனைத் தென்னிந்தியாக்காரர்னு கல்லுல எழுதியிருக்காங்க, அதுக்கு நம்மாளுங்க இங்கேருந்து காசு சேர்த்து அனுப்பியிருக்காங்க. நான் மேடையில கத்தின கதையை விட இது எவ்வளவோ பெருசு. கல்லறை வாசகத்தை எப்பவும் போட்டோவுல படிங்க, யாரோ எடுத்து எழுதினதை நம்பாதீங்க, போட்டோ மங்கலா இருந்தா வேற போட்டோ தேடுங்க.

இனி அக்கா பையன் கேள்வி. ஓலி போப் 1998ல பிறந்தவர், சர்ரே டீம், 2024 ஜனவரியில ஹைதராபாத்ல 196 அடிச்சு நம்ம கையில இருந்த டெஸ்ட்டைப் பிடுங்கிட்டுப் போனவர். கோல்கீப்பர் நிக் போப் 1992ல பிறந்தவர். உயிரோட இருக்கறவங்களோட குடும்ப மரத்தைத் தோண்ட வேண்டாம், அது அவங்க சொந்த விஷயம், அவங்களா வெளிய சொன்னது மட்டும் போதும், என் ஷீட்டுல அவங்க ரெண்டு பேருக்கும் அப்பா அம்மா கட்டம் காலிதான். பையன்கிட்ட "ஒரே பேருங்கறதை வச்சு மட்டும் சொந்தம்னு சொல்ல முடியாதுடா"ன்னு சொன்னேன், கொஞ்சம் ஏமாந்துதான் போனான்.

நீங்களே செஞ்சு பழக ஒண்ணு தரேன். 1864 செப்டம்பர்ல பிரின்ஸ் எட்வர்ட் தீவோட தலைநகர் சார்லட்டவுன்ல ஒரு மாநாடு, கனடா உருவாகறதுக்கு அதுதான் ஆரம்பம். ஊருக்குள்ள சர்க்கஸ் வந்திருந்ததுனால துறைமுகத்துல ஆளே இல்ல, கப்பல்ல வந்த பெரிய தலைவருங்களை வரவேற்க அரசாங்கத்து ஆளு ஒருத்தர் ஒரு சின்ன துடுப்புப் படகுல போனார், அவர் பேரு வில்லியம் ஹென்றி போப். அவர் தம்பி ஜேம்ஸ் காலெட்ஜ் போப்தான் 1873ல தீவு கனடாவோட சேர்றப்ப அங்க முதல்வர். இவங்க அப்பா ஜோசப் போப். அதே சின்னத் தீவு, அதே சர்நேம், ஜி.யு.போப்போட அப்பா ஜானும் 1818ல போய்க் கொஞ்ச காலம் அங்கதான் இருந்தார். கனடா அகராதியில ஜோசப் போப் பக்கத்தைத் திறங்க, அவர் எந்த ஊர்ல இருந்து எந்த வருஷம் வந்தார், யாரோட சேர வந்தார், கூடப்பிறந்தவங்க பேரு என்னன்னு ஷீட்டுல எழுதுங்க, இன்னொரு டேப்ல விக்கிபீடியாவோட ஜி.யு.போப் பக்கத்தைத் திறந்து அவர் அப்பாவோட வரியைப் பக்கத்துல வச்சுப் பாருங்க.